பழைய டிப்பரின் பெருமையும் நமது மூட்டைக் கணக்கும்



நாமக்கல்லில் எங்கள் மொத்தக் கடைத் தெரு முனையில் ஒரு தேநீர்க் கடை உண்டு. மாலை நேரத்தில் அங்கே நாலைந்து பெரியவர்கள் கூடுவார்கள். எல்லோரும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய லாரி ஓட்டுநர்கள். காவிரி மணலும் கருங்கல் ஜல்லியும் ஏற்றி டிப்பர் ஓட்டியவர்கள். கடையை எடுத்துவைக்கும் முன் ஒரு தேநீர் குடிக்கப் போகும் நான், அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பது வழக்கம்.

மூக்கு வைத்த பழைய பென்ஸ், எண்ணூரில் செய்த லேலண்ட் காமெட், பிறகு வந்த டாடா 1210, 1613 என்று வண்டிகளின் பெயரைச் சொந்தக்காரர் பெயரைப்போல் சொல்வார்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத காலம். லோடு வண்டியை நின்ற இடத்தில் திருப்பத் தோள்பட்டை கழன்றுவிடும் என்பார்கள். தொட்டியைத் தூக்கும் ஜாக்கி பாதியில் நின்றுவிட்டால், கிளீனரோடு சேர்ந்து மண்வெட்டியால் மணலைத் தள்ளி இறக்கிய கதையும் வரும். இவையெல்லாம் கேட்கச் சுவையான பேச்சு.

ஆனால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஓரிடத்தில்தான் வந்து நிற்கும். "ரெண்டு யூனிட் வண்டியில நான் மூணு யூனிட் அடிச்சவனுங்க" என்பார் ஒருவர். "நான் அதுக்கு மேல கும்பாச்சியும் வெச்சு ஓட்டியிருக்கேன்" என்பார் அடுத்தவர். வண்டியின் எடை வரம்பை மீறியதே அவர்கள் தொழில் வாழ்க்கையின் பெரிய பெருமை. அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

படியும் யூனிட்டும்

நமது முன்னோர்கள் அரிசியையும் பயறையும் படியால் அளந்தார்கள். தலைதட்டிய படியா, குவித்த படியா என்பதில்தான் தகராறு எல்லாம் வரும். 1956-ல் எடையளவுச் சட்டம் வந்து, 1960-களின் தொடக்கத்தில் மெட்ரிக் முறை கட்டாயமானபோது படி போய்க் கிலோ வந்தது. இன்று நம் தராசுக்கு முத்திரை இல்லையென்றால் அபராதம். பொட்டலத்தில் சில கிராம் குறைந்தால் வழக்கு.

டிப்பர் லோடு மட்டும் இன்னும் படிக் கணக்கிலேயே நிற்கிறது. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அது எடைக் கணக்கல்ல, தொட்டி நிறையும் கணக்கு. உலர்ந்த மணலாக இருந்தால் ஒரு யூனிட் சுமார் நாலரை டன் வரும். ஆற்றில் அள்ளிய ஈரத்தோடு ஏற்றினால் 5 டன்னையும் தாண்டும். தொட்டி அதே தொட்டிதான். எடை மட்டும் ஏறிவிடுகிறது.

அந்த வண்டிகள் எவ்வளவு தாங்கும் என்பதை அவற்றின் பெயரே சொல்லும். டாடா 1210 என்றால் பாரத்தோடு சேர்த்து மொத்தம் 12 டன், சுமார் 100 குதிரைத்திறன். 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். 1996-ல் மத்திய அரசு வெளியிட்ட எடை வரம்பின்படி இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை 16.2 டன். காலி டிப்பரே சுமார் 6 டன் இருக்கும். ஆகவே அதில் ஏற்றக்கூடியது சுமார் 10 டன், அதாவது உலர்ந்த மணல் 2 யூனிட். மூன்றாவது யூனிட் ஏறியதும் வண்டி 19 டன்னைத் தாண்டிவிடுகிறது. நமது பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் அந்த மூன்றாவது யூனிட் முழுக்க முழுக்க வரம்புக்கு மேற்பட்ட பாரம்.

பட்டை சேர்க்கலாம், பிரேக்கை என்ன செய்வது?

எடை மேடைக்குப் போகாமலே பாரத்தை எப்படிக் கணித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கமான் பட்டையைப் பார்ப்போம் என்றார்கள். வில்போல் வளைந்திருந்தால் அளவான லோடு. பட்டை நேராகிவிட்டால் நிறைந்துவிட்டது. எதிர்ப்பக்கம் வளைந்தால் அளவு மீறியது. அடுத்துப் பின்பக்க ஜோடி டயர்களைப் பார்ப்பார்களாம். இரண்டின் வயிறும் ஒன்றையொன்று தொட்டால் சூடேறி வெடிக்கும்.

இத்தனை அறிவு இருந்தும் என்ன செய்தார்கள்? பட்டறையில் விட்டுக் கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்தார்கள். தொட்டிக்கு மேல் பலகை வைத்து உயர்த்தினார்கள். இதில்தான் பெரிய ஏமாற்று இருக்கிறது. பட்டை சேர்த்தால் வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்கும். பார்வைக்குச் சரியான லோடு போலவே இருக்கும். ஆனால் பிரேக் பழைய பிரேக். அச்சும் டயரும் பழையவைதான். 16 டன்னை நிறுத்தச் செய்த பிரேக்கிடம் 20 டன்னை நிறுத்து என்றால் அது சமதரையில் எப்படியோ சமாளிக்கும். மலைச் சரிவில் கைவிட்டுவிடும்.

சாலைக்கும் இதே கதிதான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனியாகச் சாலை போட்டு, லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதித்தார்கள். அதிலிருந்து பொறியாளர்கள் கண்ட கணக்கு, அச்சின் பாரம் கூடக் கூடச் சாலையின் சேதம் ஏறக்குறைய நான்கு மடிப் பெருக்கமாகக் கூடுகிறது என்பது. பாரம் 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கு. பாரம் ஒன்றரை மடங்கானால் சேதம் ஐந்து மடங்கு. நம் கடை வாசலில் சாக்கடை மூடி நொறுங்கிக் கிடப்பதற்கும், புதிதாகப் போட்ட தார்ச்சாலை ஒரு மழைக்குள் பள்ளமாவதற்கும் ஒப்பந்தக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். நாம் ஏற்றுவது மயிலிறகு அல்ல.

என் கணக்கில் நடந்தது

இதுவரை டிப்பர்க்காரர்களைக் குறை சொன்னதாக யாரும் எண்ண வேண்டாம். இனி என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

1999-ஆம் ஆண்டு. குல்பர்காவிலிருந்து துவரம் பருப்பு வரவேண்டும். இரண்டு அச்சு லாரி. முறைப்படி ஏற்றக்கூடியது 10 டன். விலை ஏறும்போல் இருந்ததால் நான் புக்கிங் ஏஜென்டிடம் 14 டன் ஏற்றச் சொல்லி, மொத்த வாடகையையும் பேசிக் குறைத்தேன். அன்றிரவு ஓட்டுநர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "முதலாளி, பட்டை திரும்பி நிக்குதுங்க. கொஞ்சம் மூட்டைய இறக்கிப் போட்டுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார். அவரும் முன்பு மணல் டிப்பர் ஓட்டியவர்தான். வண்டியின் நிலைமை தெரிந்துதான் கேட்டார். நான், "எப்பவும் இப்படித்தானே வருது, பார்த்து ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன்.

தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிற்று. முன்னால் போன பேருந்தில் மோதாமல் இருக்க, ஓட்டுநர் வண்டியை மலைப்பக்கம் சாய்த்து நிறுத்தினார். பேருந்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். மூட்டைகள் சரிந்து விழுந்ததில் 19 வயதுக் கிளீனர் பையனின் கால் நசுங்கியது. அவன் அதன்பிறகு லாரி ஏறவேயில்லை.

மருத்துவச் செலவை நான் கொடுத்தேன். சரக்கு பாதி மண்ணோடு போனது. காப்பீட்டுக்கு எழுதியபோது அவர்கள் முதலில் கேட்டது எடைச் சீட்டைத்தான். அதை எந்த முகத்தோடு காட்டுவது? வாடகையில் நான் மிச்சம் பிடித்தது போனதுபோல் எத்தனையோ மடங்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை இரண்டு வருட வியாபாரத்தில் ஈடுகட்டிவிட்டேன். அந்தப் பையனின் காலை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

அந்த ஓட்டுநரும் இன்று அதே தேநீர்க் கடைக் கூட்டத்தில் ஒருவர். மற்றவர்கள் மூன்று யூனிட் பெருமை பேசும்போது அவர் மட்டும் பேசுவதில்லை. நானும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

80 மூட்டையின் விலை

தர்மநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். வியாபாரக் கணக்காகவே பார்ப்போம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் 1994-ல் வைத்த அபராதம் ரூ.2,000, அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.1,000. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ரூ.20,000 ஆகவும், டன்னுக்கு ரூ.2,000 ஆகவும் உயர்த்திவிட்டது. மிகுதிச் சரக்கை இறக்கும் கூலியும் நம் தலையில்தான். இறக்காமல் வண்டி நகரக்கூடாது.

4 டன் அதிகம் ஏற்றினால் 50 கிலோ மூட்டையில் 80 மூட்டை. அபராதம் 20,000-மும் 8,000-மும் சேர்ந்து ரூ.28,000. ஒரு மூட்டைக்கு ரூ.350 ஆகிறது. பத்து நடையில் ஒரு நடைதானே பிடிபடும் என்று யாராவது சொல்லலாம். அப்படிப் பார்த்தாலும் மூட்டைக்கு ரூ.35 விழுகிறது. நடுவழியில் சரக்கை இறக்கி, காவல் வைத்து, வேறு லாரி பிடிக்கும் செலவு தனி. அரிசியிலும் சர்க்கரையிலும் மூட்டைக்கு நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சட்டம் ஓட்டுபவரை மட்டும் குறிப்பிடவில்லை; அப்படி ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. "லாரிக்காரர் ஏற்றினார், எனக்குத் தெரியாது" என்பது இனி எடுபடாது. பில்லிலும் இ-வே பில்லிலும் எத்தனை மூட்டை என்று நாமே எழுதிக் கொடுக்கிறோமே! கூடுதல் பாரத்துக்கு முன்பணம் கட்டி அட்டை வாங்கிக்கொண்டு ஓடும் வழக்கம் முன்பு சில மாநிலங்களில் இருந்தது. அதுவும் செல்லாது என்று 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

லாரிக்காரர் சொல்லும் நியாயம்

"வாடகை கட்டாமல்தான் அதிகம் ஏற்றுகிறோம்" என்று லாரி உரிமையாளர்கள் சொல்வார்கள். டீசல், சுங்கக் கட்டணம், டயர், காப்பீடு, தவணை என்று அவர்கள் அடுக்கும் பட்டியலில் பொய் இல்லை. ஆனால் ஒரு வண்டி ஒன்றரை வண்டிச் சரக்கை ஏற்றினால் மூன்று வண்டிக்கான வேலை இரண்டு வண்டியோடு முடிந்துவிடும். மூன்றாவது வண்டி ஷெட்டில் நிற்கும். நிற்கும் வண்டிக்காரர் தவணை கட்டுவதற்காக வாடகையைக் குறைப்பார். குறைந்த வாடகைக்கு ஈடுகட்ட மற்றவர் மேலும் ஏற்றுவார். செக்குமாடு போலச் சுற்றும் இந்தச் சுழலின் நுகத்தடியைப் பிடித்திருப்பது யார்? "அவர் இந்த வாடகைக்கு வருகிறாரே, நீங்கள் வரமாட்டீர்களா?" என்று கேட்கும் நாம்தான்.

2018-ல் அரசு எடை வரம்பையே உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் 18.5 டன்னாயிற்று, மூன்று அச்சுக்கு 25 டன் 28.5 டன்னாயிற்று. முறையாக ஏற்றுவதற்கே இடம் கூடியிருக்கும்போது, அதற்கு மேலும் ஏற்றச் சொல்ல நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: சரக்கு ஏற்றுமுன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, மொத்த எடையில் காலி எடையைக் கழித்துப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதே கணக்கு. ஓட்டுநர் வாய்ச்சொல்லோ ஏஜென்ட் சொல்லோ கணக்கல்ல.

இரண்டு: எடை மேடைச் சீட்டின் நகலைப் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். கிடங்கோ வீடோ கட்ட மணல், ஜல்லி வாங்கும்போதும் யூனிட்டோடு நிறுத்தாமல் எடைச் சீட்டையும் கேளுங்கள். கடையில் கிராம் கணக்குப் பார்க்கும் நமக்கு இது பெரிய காரியமல்ல.

மூன்று: நமது சங்கமும் லாரி உரிமையாளர் சங்கமும் உட்கார்ந்து பேசி, முறையான பாரத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையை நிர்ணயிக்க வேண்டும். தனியொரு வியாபாரி மட்டும் இதைச் செய்தால் பக்கத்துக் கடைக்காரரிடம் விலையில் தோற்பார். எல்லோரும் சேர்ந்து செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சங்கம் என்று ஒன்று இருப்பதே இதற்குத்தான். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு: ஓட்டுநர் போன் செய்து "பாரம் அதிகம்" என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள். வண்டியில் உட்கார்ந்திருப்பவர் அவர். நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். அன்று இரவு நான் 80 மூட்டையை இறக்கச் சொல்லியிருந்தால் ஒரு பையன் இன்றும் நேராக நடந்துகொண்டிருப்பான்.

பழைய டிப்பர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசட்டும், கேட்போம். அந்த வண்டிகளை ஓட்டி இந்த ஊர்களைக் கட்டியவர்கள் அவர்கள். ஆனால் மூன்றாவது யூனிட் பெருமையை அவர்கள் காலத்தோடு முடித்துவைப்பது நம் பொறுப்பு.

— ஒரு மொத்த மளிகை வணிகர், நாமக்கல்