காவல்காரனைக் கழற்றி எறியலாமா?



எங்கள் வீட்டு வெந்நீர் ஹீட்டர் கதையை இந்த இதழில் எழுதக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருடைய வீட்டிலும் கடையிலும் இதே தவறு நடக்கிறது.

சென்ற மார்கழியில் ஒரு நாள் அதிகாலையில் ஹீட்டர் ஸ்விட்சைப் போட்டதும் வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. போர்டில் இருந்த டிரிப்பர் விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது. அவசரத்துக்கு வந்த எலெக்ட்ரீஷியன், "டிரிப்பர்தான் கோளாறு அண்ணாச்சி. அதை எடுத்துட்டு நேர் லைன் கொடுத்துட்டா ஓடிடும்" என்றார். கிட்டங்கியில் வத்தல் லோடு இறக்கக் காத்திருந்தது. நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவிதான், "பேத்தி குளிக்கிற தண்ணியாச்சே, நல்லா விசாரிச்சுச் செய்யுங்க" என்று தடுத்தாள்.

மாலையில் அனுபவமுள்ள இன்னொருவரை அழைத்தோம். அவர் முதலில் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரிப்பரைத் தூக்கினார், நின்றது. பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டார், விழுந்தது. ஆக, கோளாறு டிரிப்பரில் இல்லை, ஹீட்டரில்தான். மெயினை அணைத்துக் காயிலைக் கழற்றிக் காட்டினார். எங்கள் போர் தண்ணீரின் உப்பு, சுண்ணாம்பு பூசியதுபோல் கெட்டியாகப் படிந்திருந்தது. உப்பு படிந்தால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கும். மேல் குழாய் வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் புகுந்து மின்சாரம் கசியும். காலையில் நேர் லைன் கொடுத்திருந்தால், எர்த்தும் சரியில்லாத பட்சத்தில் அந்தக் கசிவு குளிப்பவர் உடம்பு வழியாகத்தான் போயிருக்கும். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

இந்த டிரிப்பர் நம் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அவ்வளவு குறைந்தாலே லைனைத் துண்டித்துவிடும். சாதாரண எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. அது அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டுமே. கணக்கில் குறைகிறது என்று சொல்லும் கணக்குப்பிள்ளையை வேலையைவிட்டு அனுப்பினால் திருட்டு நின்றுவிடுமா?

ஹீட்டருக்குள்ளேயும் காவல் உண்டு. தண்ணீர் போதிய அளவு சூடானதும் தெர்மோஸ்டாட் நிறுத்தும். அது பழுதானால் கட்-அவுட் நிறுத்தும். அதையும் மீறி அழுத்தம் கூடினால் வால்வு திறந்து வெளியேற்றும். கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதை நேராக இணைத்து, வால்விலும் உப்பு அடைத்துக்கொண்டால் டேங்க் வெடிக்கும்.

2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் தரமான எர்த்தும் கட்டாயம். உப்புத் தண்ணீர் ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை காயிலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பாற்றுவது அதுதான். குழாயைத் தொட்டால் சுருக்கென்றால் அன்றே உபயோகத்தை நிறுத்துங்கள். மூடியை நாமே கழற்றும் வேலை வேண்டாம்.

எனக்குக் காயில், வாஷர், மக்னீசியம் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து அரை மூட்டை துவரம்பருப்பின் விலைகூட ஆகவில்லை. அந்தச் செலவுக்கும் ஒரு நாள் தாமதத்துக்கும் சோம்பி, ஓர் உயிரைப் பணயம் வைக்க இருந்தேன்.

கடைகளிலும் இதே கதைதான். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறோம். சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் அடுக்கிய கிட்டங்கியில் அந்தக் கம்பி உருகாது, ஒயர்தான் எரியும். ஒரு கடையில் பற்றினால் தெருவே போகும்.

நின்றுபோனதை எப்படியாவது ஓட வைப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது. ஏன் நின்றது என்று கேட்பதே வியாபாரிக்கு அழகு. இன்று கடை அடைக்கும் முன் உங்கள் ஃப்யூஸ் போர்டை ஒருமுறை பாருங்கள்.