கபூல் சொன்ன நொடி

சித்தையன்கோட்டை நிக்காஹ்களில் கேமரா ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஒன்று செம்பட்டி ஸ்டுடியோவுடையது, ஒன்று சின்னாளபட்டி வாடகை, இன்னொன்று உள்ளூர்த் தம்பியுடையது. மாப்பிள்ளை ‘ஏற்றேன்’ என்று கபூல் சொல்ல ஓரிரு நொடிதான் ஆகும். ஒரு கேமரா அவர் முகத்தில் இருக்கும், ஒன்று சபையில், மற்றொன்று கண்கலங்கும் அத்தாவிடம். மூன்றையும் ஒட்டவைக்க எடிட்டிங் தம்பி காதில் ஹெட்போனோடு உதட்டசைவைப் பார்த்தே விடியவிடிய உட்கார்ந்திருப்பார்.

அந்த இரவுகள் தேவையே இல்லை என்பது என் கட்சி. மூன்று கேமராவுக்கும் ஒரே டைம்கோட் ஓடினால் போதும். நம் 25 ஃபிரேம் கணக்கில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் எண் என்று முகவரி உண்டு. எடிட்டிங் மென்பொருள் அதைப் பார்த்தே படங்களை அடுக்கிவிடும்.

கேமராப் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கார்டில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். உள்ளே வரும் டைம்கோடுக்கு மூன்று வழி: எஸ்டிஐ கேபிளில் படத்தோடு சேர்ந்து வருவது, எல்டிசி என்ற சிக்னலாகத் தனி ஒயரில் வருவது, கார்டோ மென்பொருளோ தானே ஓட்டுவது. எதை எடுப்பது என்று நாம் சொல்லாவிட்டால், பதிவு பெரும்பாலும் கடைசி வழியில் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். நிறுத்தி மறுபடி அழுத்தினால் மறுபடி சுழியம். விலை குறைந்த எச்டிஎம்ஐ கார்டுகள் பெரும்பாலும் டைம்கோடை வாங்குவதே இல்லை. வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

எல்டிசி நமக்குக் கிடைத்த வரம். அது ஒலியாகவே போகிறது: ஃபிரேமுக்கு 80 பிட், நொடிக்கு 2000. டைம்கோடு துளை இல்லாத கேமராவிலும் மைக் துளை வழியாக ஒரு சேனலில் பதிந்துகொள்ளலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் அந்த ஒலியிலிருந்தே நேரத்தைப் படித்துவிடும். மறு சேனல் மைக்குக்கு இருக்கவே இருக்கிறது.

வெளியே அனுப்பும் பக்கத்தை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உள்ளே வந்த டைம்கோடையே வெளியிலும் கொடு என்று அமைத்தால்தான் கார்டுக்குப் பின்னால் நிற்கும் ரெக்கார்டரும் அதே நேரத்தில் ஓடும்.

வாடகை கேமரா நொடிக்கு 29.97 ஃபிரேமில் இருந்தால் எல்லாம் குழம்பும். அதன் டிராப் ஃபிரேம் முறை, பத்தாவது நிமிடங்கள் தவிர, நிமிடத்துக்கு இரண்டு எண்களைத் தாண்டிப் போகும், மணிக்கு 108. படம் எதுவும் தொலையாது, எண்தான் தாவுகிறது. நமக்கு அது வேண்டாம், எல்லாவற்றையும் 25க்கு மாற்றிவிடுங்கள்.

ஒருமுறை பொருத்திவிட்டு முழுநாளும் நம்பிவிடவும் கூடாது. கேமராவுக்குள் இருக்கும் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினால் மணிக்கு 36 மில்லிநொடி, ஏறக்குறைய ஒரு ஃபிரேம். காலை பத்து மணிக்குப் பொருத்தியதை பிரியாணிப் பந்திக்குப் பிறகு ஒருமுறை புதுப்பித்தால் மாலை வரவேற்பு வரை ஓரளவு தாங்கும்.