ஆட்சிக்குழு நாற்காலியும் சிறைக் கம்பியும்



"நம்ம ஆளு சட்டமன்றத்துக்குப் போயிட்டா பிரச்சினையெல்லாம் தீருமா?" தோட்டத்துக்குத் தோட்டம் நம்மைக் கேட்கிறார்கள். காடேக் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஜி.சாமிநாதன் கதையே இதற்குப் பதில்.

2018 மே 9 தேர்தலில் மலாக்காவின் 28 தொகுதிகளில் 15ஐ வென்று பக்காத்தான் ஹராப்பான் ஆட்சி அமைத்தது. ஜ.செ.க. சார்பில் காடேக்கில் வென்ற சாமிநாதன் ஆட்சிக்குழு உறுப்பினரானார். ஒற்றுமை, மனிதவளம், பயனீட்டாளர் விவகாரம் ஆகிய பொறுப்புகள் அவரிடம் வந்தன.

மனிதவளம் என்றதும், "இனி சம்பளம் ஏறும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் நாட்டின் அரசியல் சாசனம் வேலையைப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. நிலம் மாநிலத்துக்கு, தொழிலாளர் சட்டம், கல்வி, குடியுரிமை மத்திய அரசுக்கு. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனதும் மத்திய அரசின் முடிவுதான். ஆகவே கோயில் நிலம், சுடுகாடு, வீட்டு மனை என்றால் சட்டமன்ற உறுப்பினர் கதவைத் தட்டணும். சம்பளம், சேமநிதி, சொக்சோ என்றால் தொழிலாளர் இலாகா, தொழிற்சங்கம், நாடாளுமன்ற உறுப்பினர். இது தெரியாமல் அலைந்து சம்பள நாளை இழந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

அடுத்த ஆண்டு என்னாச்சு? 2019 அக்டோபர் 10இல் சாமிநாதனும் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி.குணசேகரனும் சொஸ்மா சட்டத்தில் கைதானார்கள். மொத்தம் 12 பேர். ஆசிரியர், பாதுகாவலர், பழைய இரும்பு வியாபாரி என்று பல தொழில் பார்த்தவர்கள். விடுதலைப் புலிகளை ஆதரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இலங்கையில் அந்தப் போர் முடிந்ததோ 2009இல்! அந்த ஆண்டு அக்டோபர் 27 தீபாவளியை இவர்கள் காவலில்தான் கழித்தார்கள்.

2012இல் ஐ.எஸ்.ஏ. போய், சொஸ்மா வந்தது. விசாரணைக்கென்று 28 நாள் பிடித்து வைக்கலாம். குற்றம் சாட்டிய பிறகு ஜாமீன் கிடைப்பது அரிது. சாமிநாதன் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். ஜாமீனைத் தடுக்கும் 13ஆம் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2019 நவம்பர் 29இல் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகும் வழக்கு இழுத்தது. 2020 பிப்ரவரி 21இல்தான் சட்டத்துறைத் தலைவர் தோமி தோமஸ், தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை என்று 12 பேர் மீதும் இருந்த வழக்கைக் கைவிட்டார்.

வழக்கு போனது, பதவியும் நிற்கவில்லை. 2020 மார்ச்சில் கட்சித்தாவலால் மாநில ஆட்சி கவிழ்ந்தது. 2021 நவம்பர் 20 தேர்தலில் காடேக் ம.இ.கா.விடம் போனது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டில் ஆட்சிக்குழு, சிறை, நீதிமன்றம், தோல்வி என எல்லாவற்றையும் ஒரு மனிதர் பார்த்துவிட்டார்.

நாம் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆட்சிக்குழு உறுப்பினருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. அப்படியும் நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. மரம் வெட்டும், குலை அறுக்கும் நம் பிள்ளையை விசாரணையின்றிப் பிடித்து வைத்தால் யார் வருவார்? அவன் சம்பளம் நின்ற மாதத்தில் அடுப்பு எரிவது எப்படி?

ஆகவே ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கள் நிலப் பிரச்சினைக்கு மாநிலத்தில் என்ன செய்வீர்? விசாரணையின்றி அடைக்கும் சட்டத்தைப் பற்றி உங்கள் கட்சி என்ன சொல்கிறது? பதிலைக் கேட்ட பிறகு ஓட்டைப் பற்றி யோசியுங்கள். ஆளை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். ஆள் போய்விடுவார், சட்டம் நிற்கும்.