காசா... விசுவாசமா? தடையை தாண்டிய வீரர்கள்!

சென்னை: அதிக காசுக்காக வேறு லீக்குக்கு தாவும் வீரரை 'துரோகி' என்று திட்டுவது சுலபம். ஆனால் விசுவாசம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதுமா? இந்த கேள்விக்கு நம்ம ஊர் கிரிக்கெட்டிலேயே பதில் இருக்கிறது.

2007ல் ஜீ டி.வி. அதிபர் சுபாஷ் சந்திரா, கிரிக்கெட் வாரியத்துக்கு போட்டியாக ஐ.சி.எல். என்ற லீக்கை தொடங்கினார். முன்னாள் கேப்டன் கபில்தேவ் அதில் சேர்ந்தார். உடனே தேசிய கிரிக்கெட் அகாடமி தலைவர் பதவியிலிருந்து அவருக்கு கல்தா கொடுத்தது வாரியம்.

இந்திய அணியின் பெரிய ஸ்டார்கள் யாரும் அந்த பக்கம் போகவில்லை. போனவர்களில் பலர் ரஞ்சியில் ஆண்டுக்கணக்கில் ஆடியும் இந்திய அணி கதவு திறக்காதவர்கள். இல்லை, ஒருமுறை திறந்து மூடிக்கொண்டவர்கள். தமிழகத்தின் ஹேமங் பதானியும் போனார். 2004ல் ஜூனியர் உலகக்கோப்பை கேப்டனாக இருந்த அம்பத்தி ராயுடுவும் போனார்.

தடை விழுந்தது

ஐ.சி.எல்.லில் ஆடினால் ரஞ்சியும் கிடையாது, இந்திய அணியும் கிடையாது என்றது வாரியம். எதிர் கடையில் கூலி அதிகம் என்று போன தொழிலாளிக்கு, ஊரில் வேறு எந்த பட்டறையிலும் வேலை கிடையாது என்பது போலத்தான் இது.

2007 டிசம்பரில் பஞ்ச்குலாவில் நடந்த பைனலில் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் ஜெயித்து கோப்பையை தூக்கியது. பரிசு 10 லட்சம் டாலர்!

அதே ஆண்டு செப்டம்பரிலேயே வாரியம் ஐ.பி.எல்.லை அறிவித்துவிட்டது. உள்ளூர் போட்டிகளின் பரிசுப்பணமும் உயர்ந்தது. போட்டி வந்த பிறகுதான் கல்லாப்பெட்டி திறந்தது என்பதை மறுக்க முடியுமா? தாவாமல் இருந்த வீரர்களுக்கும் இதில் லாபம்தான்.

அம்போ என நின்றவர்கள்

தாவியவர்கள் நிலைமைதான் பாவம். 2008 நவம்பரில் மும்பை தாக்குதல் நடந்ததும் ஐ.சி.எல். தொடர் பாதியில் நின்றது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. சம்பளப் பாக்கி என்று வீரர்கள் புலம்பினர். காசுக்காக போனவர்களுக்கு அந்த காசும் ஒழுங்காக வந்து சேரவில்லை.

2009ல் வாரியம் பொதுமன்னிப்பு கொடுத்தது. ராயுடு திரும்பி வந்தார். 2013ல் இந்திய அணிக்கு ஆடினார். ஐ.பி.எல். கோப்பையை மும்பையுடன் 3 முறை, சென்னையுடன் 3 முறை வென்றார். பதானி 2025ல் டெல்லி ஐ.பி.எல். அணிக்கு தலைமை பயிற்சியாளராக இருந்தார். கபில்தேவுக்கும் 2012ல் சமரசமாகி, வாரியத்திடமிருந்து ஒன்றரை கோடி ரூபாய் கிடைத்தது.

ஆனால் எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. 30 வயதை தாண்டி தடையில் சிக்கியவருக்கு, போன 2 வருஷம் போனதுதான். மன்னிப்பு வந்தாலும் வயது திரும்பி வராதே!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐ.பி.எல்.லில் வீரர்களை ஏலம் விட்டுத்தான் எடுக்கிறார்கள். இந்த வருஷம் மஞ்சள் சட்டை, அடுத்த வருஷம் நீல சட்டை. அங்கே யாரும் விசுவாசம் பற்றி பேசுவதில்லை. முதலாளி மாற்றினால் வியாபாரம், வீரன் மாறினால் துரோகமா?

சில வருஷம்தான் தாங்கும் உடம்பு. அதை வைத்து பிழைக்கிறவன் நாலு காசு பார்க்க நினைப்பது தப்பில்லை. விசுவாசம் வேண்டும் என்று கேட்பவர்கள், உரிய கூலியை முதலிலேயே கொடுத்திருந்தால் இத்தனை பேர் ஏன் தாவப்போகிறார்கள்?