பன்னிரண்டாவது படம்

திருவிழா என்றால் இப்போதெல்லாம் எல்லோர் கைகளும் தாமாகவே உயர்ந்துவிடுகின்றன, கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் எங்கள் தூத்துக்குடியில் பனிமய மாதாவின் தங்கத்தேர் பவனி வந்தது. அதற்கு முன் தங்கத்தேர் ஓடியது 2013-இல். அப்போது எங்கள் வகுப்பினர் எல்லோரும் அப்பாமார் தோளில் அமர்ந்திருந்த குழந்தைகள், ஒன்றும் நினைவில்லை. ஆகவே பத்து ஆண்டுகள் காத்திருந்து ஆசையோடு போனோம். எங்களில் உயரம் குறைந்தவர்கள் கண்டதென்னவோ, முன்னால் நின்ற மாமாவின் கைப்பேசித் திரையில் தெரிந்த உள்ளங்கையளவுத் தேரைத்தான். அந்த மாமாவும் நேரே பார்க்கவில்லை. அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எடுத்த படங்களைக் காட்டச் சொல்லி இன்று கேட்டுப் பாருங்கள். "எங்கேயோ இருக்கிறது, தேடவேண்டும்" என்பதே பெரும்பாலோர் பதிலாக இருக்கும்.

படம் எடுப்பதே வீண் என்று வாதாட நாங்கள் முன்வரவில்லை. அப்படிச் சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்குப் பின்னால் பதில் கூறுவோம். எங்கள் குறை வேறு. பிறந்தநாள், புதுநன்மை, பொங்கல், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் போதும் போதும் என்னும் அளவுக்குப் படங்கள் குவிகின்றன. இடையில் வரும் முந்நூற்றுச் சொச்சம் நாட்களை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் அடுத்த ஆண்டும் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு அம்மா கொடியில் காய்ந்த சீருடையை மடித்துக்கொண்டே வாய்க்குள் பாடிய பாட்டு வருமா?

இதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. தாத்தாவிடம் ஆக்ஃபா கிளிக் என்னும் கேமரா இருந்தது. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டே படங்கள். அந்தக் காலத்தில் நம் உதகமண்டலத்திலேயே பிலிம் செய்தார்கள் என்பதைத் தோழியர் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் அதை விற்றது. இன்று அங்கே உற்பத்தி கிடையாது. தாத்தாவுக்கு ஒரு சுருள் ஓர் ஆண்டுக்கு வரவேண்டும். கிறிஸ்துமசுக்கு மூன்று, மாதா திருவிழாவுக்கு இரண்டு, கல்யாண வீட்டுக்கு நான்கு என்று கணக்குப் போட்டு எடுப்பாராம். கடைசியில் பெரும்பாலும் ஒரு படம் மிஞ்சிவிடும். சுருள் முடியாமல் கழுவக் கொடுக்க மனம் வராது. அடுத்த விழாவுக்குக் காத்திருக்கவும் பொறுமை இராது. எனவே புழக்கடைப் பக்கம் வந்து, கண்ணில் எது பட்டதோ அதை 'கிளிக்' செய்துவிட்டு ஸ்டூடியோவுக்குக் கிளம்பிவிடுவார்.

அப்படி மிஞ்சிய படங்களுள் ஒன்றுதான் இன்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டு வாங்கிப் பார்ப்பது. ஆச்சி தரையில் குந்தி, அரிவாள்மனையில் சாளை மீன் அரிந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் சாம்பல். படம் எடுப்பது தெரிந்து, "மீன் நாற்றத்தோடா?" என்று கேட்க வாயெடுத்ததுபோல் பாதிச் சிரிப்பு. ஆச்சி அப்படிச் சிரித்த படம் வேறொன்றும் இல்லை. விழாப் படங்களில் எல்லாம் கண்டாங்கிச் சேலையும் கடுகடுத்த முகமுமாக, பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததைப் போலவே நிற்கிறாள். அரிவாள்மனையைத் தாண்டி, படத்தின் ஓரத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. அதன் வால் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் புகைபோல ஒரு கலங்கல். மீனுக்காக வாலை ஆட்டியிருக்கிறது. கேமராவால் பிடிக்க முடியவில்லை.

அந்த நாயின் பெயர் என்ன என்று கேட்டோம். அப்பா "ஜிம்மி" என்றார். அத்தை, "ஜிம்மி பிறகு வந்ததுடா, இது டைகர்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முழுவதும் இந்த வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்லத் தாத்தாவும் இல்லை, ஆச்சியும் இல்லை. படத்தின் பின்புறம் வெறுமையாக இருக்கிறது. பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால் போதுமே! "எல்லாம் மனத்தில் இருக்கும், படம் எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதுவே எங்கள் பதில். ஐந்தாறு ஆண்டுகள் கூடவே வளர்ந்து, அப்பாவின் கையிலிருந்து பணியாரம் தின்ற நாயின் பெயரே மனத்தில் நிற்கவில்லை.

இனி வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை இந்த மலரைப் படிக்கும் பெற்றோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. எங்கள் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். அலமாரியின் அடித்தட்டில், வெல்வெட் அட்டை போட்ட கல்யாண ஆல்பங்களும் புதுநன்மை ஆல்பங்களும் பத்திரமாக இருந்தன. போட்டோத் தாளின் மேலே ஜெலட்டின் பூச்சு உண்டு. தண்ணீரில் ஊறினால் அது உப்பிப் பசையாகிவிடும். ஈரம் இருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தினால் பல படங்களைக் காப்பாற்றலாம். ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால், பிரிக்கும்போது ஒன்றின் முகம் மற்றொன்றின் மேல் உரிந்து வந்துவிடும். அலமாரியைத் திறக்கும் அளவுக்குத் தண்ணீர் வடிந்தபோது பாதிக்கு மேல் ஒட்டிவிட்டது. அம்மாவின் கல்யாணப் படத்தில் இப்போது மாலை இருக்கிறது, நெற்றிச்சுட்டி இருக்கிறது, நடுவில் முகம் இல்லை. அம்மா அதைத் தூக்கி எறியவும் இல்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை.

மிஞ்சிய படங்களை முக்கியமானவை என்று யாரும் கருதவில்லை. ஆல்பத்தில் ஒட்டத் தகுதியில்லை என்று அவற்றைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் வைத்திருந்தார்கள். அதனால் பிழைத்தன.

1838-ஆம் ஆண்டில் டாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைப் படம் பிடித்தார். பகல் நேரம், வண்டிகளும் மனிதர்களும் போய்வந்துகொண்டிருந்த தெரு. ஆயினும் படத்தில் தெரு காலியாகக் கிடக்கிறது. அக்காலத்தில் ஒரு படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். நடந்தவர், ஓடியவர், வண்டி ஓட்டியவர் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரமாக நின்ற ஒருவரோ பதிந்திருக்கிறார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களுள் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பெயரும் எவருக்கும் தெரியாது. அன்று அந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரும் இந்தப் படத்தில் இல்லை. செருப்புத் துடைக்க நின்றவர் இருக்கிறார். எங்கள் ஆச்சியின் சாளை மீன் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான அக்காள் இருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் நாயின் பெயர் மணி. (சந்தேகம் வராமல் இருக்க இங்கே அச்சிலேயே போட்டுவிடுகிறோம்.) ராஜபாளையமும் அன்று, சிப்பிப்பாறையும் அன்று, தெருவில் பிறந்த செம்மண் நிற நாட்டு நாய். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். 2012-இல் மீன் கூடையில் வைத்துத் தாத்தா கொண்டுவந்தது. இன்றைய கைப்பேசி அதன் வாலை அப்படியே நிறுத்திப் பிடித்துவிடுகிறது, ஒவ்வொரு மயிரும் தெரியும்படி. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் மணி வாலை ஆட்டியதாகவே தோன்றுவதில்லை. குச்சியை நட்டு வைத்ததுபோல் இருக்கிறது. ஆச்சி படத்தின் கலங்கலில்தான் வால் ஆடுகிறது. எங்களுக்கு இது இன்றுவரை வியப்பு. அறிவியல் ஆசிரியையைக் கேட்டோம், சிரித்தார்கள்.

மணிக்குச் சிவப்பு நாடா கட்டி, கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்த படங்கள் பல உண்டு. எல்லாவற்றிலும் மணியின் முகம் 'எப்போது அவிழ்த்துவிடுவீர்கள்?' என்றே கேட்கிறது. மணி உண்மையில் எப்படிப்பட்டது என்று தெரியவேண்டுமானால் மாலை ஆறு மணிக்குப் பார்க்கவேண்டும். அப்பாவின் வண்டி மெயின் ரோட்டில் திரும்பும்போதே அதன் மடிந்த காதும் நிமிர்ந்துவிடும். நமக்கு ஒரு சத்தமும் கேட்காது. மணி எழுந்துபோய்க் கதவில் மூக்கை வைத்து நிற்கும். இதற்கு வெகுநாள் வரை எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. தினமும் நடப்பதை யார் எடுப்பார்கள்?

ஆனால் தினமும் நடந்ததற்காகவே சிலை பெற்ற நாயும் உண்டு. டோக்கியோ நகரின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஹாச்சிகோ என்னும் நாயின் சிலை இருக்கிறது. அதை வளர்த்த பேராசிரியர் உவேனோ 1925-இல் வேலைக்குச் சென்றவர் திரும்பவில்லை, அங்கேயே காலமானார். அதன்பின் 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை ஹாச்சிகோ நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. 1934-இல் சிலை திறந்தபோது அதுவே உயிரோடு அங்கு இருந்தது. போர்க்காலத்தில் உலோகத்துக்காகச் சிலையை உருக்கிவிட்டார்கள். 1948-இல் மீண்டும் செய்துவைத்தார்கள். திருடனைப் பிடித்ததா, தீயில் பாய்ந்ததா? இல்லை. நாள்தோறும் வந்து நின்றது, அவ்வளவே.

எல்லாவற்றையும் படமாக்கிவிட முடியும் என்றும் நாங்கள் நம்பவில்லை. வெள்ளத்தின்போது இரண்டு இரவுகள் மொட்டைமாடி அறையில் இருந்தோம். மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் முதல் நாளே அணைந்துவிட்டன. அப்பா மணியைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிவந்தார். ஒரு பாக்கெட் ரஸ்க்கை ஆறு பேரும் மணியும் பங்கிட்டுக்கொண்டோம். இருட்டில் அம்மா தன் பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னார். கணக்கில் பன்னிரண்டு மதிப்பெண் வாங்கிய கதையை அதற்கு முன் எங்களுக்குச் சொன்னதே இல்லை. அந்த இரவுக்குப் படம் இல்லை. அதை ஒரு தாளில் எழுதிப் பிஸ்கட் டின்னில் போட்டிருக்கிறோம்.

மணிக்கு இப்போது ஏறக்குறைய பதின்மூன்று வயது. ஒரு கண்ணில் வெண்மை படர்ந்துவிட்டது. வண்டிச் சத்தமும் முன்போல் எட்டுவதில்லை. அப்பா வாசலுக்கு வந்த பிறகுதான் எழுகிறது, சில நாள் எழுவதும் இல்லை. சென்ற ஜூன் மாதம் முதல் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதத்துக்கு ஒரே படம், விழா இல்லாத நாளில். முதலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பது, பிறகு எடுப்பது, ஸ்டூடியோவில் தாளில் போட்டு வாங்குவது, பின்னால் பெயரும் தேதியும் எழுதுவது. கதவில் மூக்கை வைத்து நிற்கும் மணி ஜூலை மாதப் படம். காது நிமிரவில்லைதான்.

தாய்மாருக்கும் தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் படங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அம்மா இருக்கமாட்டார். படம் எடுப்பவர் அவராக இருப்பார், அல்லது அடுக்களையில் இருப்பார், அல்லது "இந்தச் சேலையோடா?" என்று ஒதுங்கியிருப்பார். அந்தச் சேலையோடே எடுங்கள்.

நம் அருட்சகோதரியரிடமும் ஒன்று கேட்கவேண்டும். பள்ளிக்குள் கைப்பேசி கூடாது என்னும் விதியைப் பற்றி எங்களுக்கு முணுமுணுப்பு இல்லை. அந்த விதி இருப்பதால்தான் இடைவேளையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். பொதுத்தேர்வுக்கு முன் வகுப்புப் படம் எடுக்கப் புகைப்படக்காரர் வருவார். மூன்று வரிசை, எல்லோர் கையும் மடியில், ரிப்பன் நேராக. அது இருக்கட்டும். அது முடிந்ததும் அவரை அரைமணி நேரம் நிறுத்திவைத்து, இன்னும் பன்னிரண்டு படங்கள் எடுக்கச் சொல்லலாமா? வேப்பமரத்தடியில் ஒரே டப்பாவில் ஐந்து கைகள் விழும் சாப்பாட்டு நேரம், தண்ணீர்க் குழாயடிச் சண்டை, தேர்வுத்தாள் கொடுக்கும்போது கடைசி பெஞ்சின் முகங்கள். அடுத்த ஆண்டு எங்களில் சிலர் வேறு பள்ளிக்கும் வேறு ஊருக்கும் போய்விடுவோம். பன்னிரண்டாவது படத்துக்கு, காலையில் கேட்டைத் திறந்துவிடும் ஆயாம்மாவை அழைக்கவேண்டும். இத்தனை ஆண்டு வகுப்புப் படங்களில் ஒன்றில்கூட அவர் இல்லையாம். கேட்டுப் பார்த்தோம். முதல் நாளே சொல்லிவிட்டால் நீலச் சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.