தூண் இல்லாத மண்டபம்

2017 ஏப்ரல் 23. தில்லி பிரகதி மைதானத்துக்குள் அன்றிரவு இடிப்பு இயந்திரங்கள் நுழைந்தன. விடிந்தபோது ஹால் ஆஃப் நேஷன்ஸ் வெறும் கான்கிரீட் குவியல். அதற்கு வடிவம் தந்த கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. நியாயம்தான். இடிக்கக்கூடாது என்று நீதிமன்றப் படியேறியவர் அவர். ஆனால் அந்தக் கட்டடத்தை நிற்க வைத்த மனிதரும் அப்போது உயிரோடுதான் இருந்தார். பொறியாளர் மகேந்திர ராஜுக்கு வயது 92.

கட்டட உலகில் இது வழக்கமான கதை. வரைபவர் ஒருவர், அது விழாமல் நிற்கக் கணக்குப் போடுபவர் இன்னொருவர். முன்னவர் பெயர் புத்தகங்களில் ஏறும். பின்னவர் பெயர், கட்டடம் விழுந்தால் மட்டும் விசாரணை அறிக்கையில் வரும். மகேந்திர ராஜ் கணக்குப் போட்டவை விழவில்லை. அதனால்தானோ என்னவோ, பொறியாளர் வட்டாரத்துக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

1924இல், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்தவர். லாகூரில் பொறியியல் படித்து பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். 1947இல் லாகூர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு புதிய தலைநகரம் தேவைப்பட்டது. சண்டிகரைத் திட்டமிட பிரான்சிலிருந்து லெ கொர்பூசியே வந்தார். அவருடைய உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் கட்டமைப்பு வேலை பார்த்தவர்களில் முப்பதைத் தொடாத இந்த இளைஞரும் ஒருவர். உலகப் புகழ் பெற்ற மேதையின் கோட்டை, பஞ்சாப் கொத்தனார்களால் கட்ட முடிந்த ஒன்றாக மாற்றித் தர வேண்டும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது.

பிறகு அமெரிக்கா. மின்னசோட்டாவில் மேற்படிப்பு, நியூயார்க்கில் பாலங்களுக்குப் பெயர்போன அம்மான் அண்ட் விட்னி நிறுவனத்தில் வேலை. அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. 1960 வாக்கில் நாடு திரும்பி சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அரசு வேலையும் இல்லை, அமெரிக்கச் சம்பளமும் இல்லை.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் இந்தியாவின் முக்கியமான கட்டடக் கலைஞர்களில் பெரும்பாலோர் அவரிடம் வந்தார்கள். அகமதாபாதில் தோஷி வடிவமைத்த தாகூர் நினைவு மண்டபத்தின் சுவர், காகிதத்தை மடித்து நிறுத்தியதுபோல மடிப்பு மடிப்பாக நிற்கும். மெல்லிய கான்கிரீட்டுக்கு அந்த மடிப்புதான் பலம். தில்லியில் தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகத்தின் அலுவலகம், இரண்டு கால்களை அகட்டி வைத்து மேலே ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும். ஊர் மக்கள் அதற்கு 'பைஜாமா கட்டடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டியவர்கள் பெயர் மறந்தாலும் அந்தப் பெயர் மறக்காது.

ஆனால் அவருடைய பெரிய கணக்கு பிரகதி மைதானத்தில்தான். சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டு, 1972. ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்கு ஒரு பிரம்மாண்ட அரங்கம் வேண்டும். நடுவே ஒரு தூண்கூட இருக்கக் கூடாது. 70 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தைக் கூரை ஒரே தாவாகத் தாண்ட வேண்டும். கோலப் புள்ளிகளைக் கோடுகளால் இணைப்பதுபோல, முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்களைக் கோத்தால் இது நடக்கும். மற்ற நாடுகளில் அதை இரும்புக் குழாய்களில் செய்தார்கள். தொழிற்சாலையில் வெட்டி, கொண்டுவந்து, பொருத்திவிட வேண்டியதுதான்.

இந்தியாவில் அன்று இரும்புக்குத் தட்டுப்பாடு. விலையும் கட்டுப்படியாகவில்லை. இருந்தது சிமென்ட்டும் மனிதக் கைகளும். சரி, கான்கிரீட்டிலேயே செய்வோம் என்றார்கள். சொல்வது சுலபம். சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு சட்டத்துக்கும் அந்தரத்தில் சென்டரிங் பலகை அடிக்க வேண்டும். பல சட்டங்கள் வந்து சேரும் ஒவ்வொரு முடிச்சிலும் கம்பிகள் ஒன்றையொன்று இடிக்காமல் வளைய வேண்டும். அந்தக் கம்பிகளுக்கு நடுவே கான்கிரீட்டும் இறங்க வேண்டும். ஒரு முடிச்சில் வந்த பிசகு அடுத்த முடிச்சைத் தள்ளிவிடும். இதைச் செய்து முடித்தவர்கள் சாரத்தில் ஏறிய தொழிலாளர்களும், சிமென்ட் சட்டி சுமந்த சித்தாள்களும்தான். பணக்கார நாடுகள் இயந்திரத்தால் செய்ததை ஒரு ஏழை நாடு கையால் செய்தது. கான்கிரீட்டில் அந்த அளவில் அப்படி ஒன்று அதற்கு முன் உலகில் எங்கும் கட்டப்பட்டதில்லை. சட்டங்களின் ஆழமே உள்ளே வெயில் கொட்டாமல் தடுத்தது. பழைய கோட்டைகளின் கல் ஜன்னல் செய்த அதே வேலை.

45 ஆண்டுகள் கழித்து, அந்த இடத்தில் நவீன மாநாட்டு வளாகம் வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: 60 வயது ஆகாத கட்டடங்களைப் பரிசீலிக்க முடியாது. அரசு ஊழியருக்கு 60இல் ஓய்வு கொடுக்கும் நாட்டில் கட்டடத்துக்கு 60இல்தான் மரியாதை தொடங்குகிறது. வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் வேண்டுகோளும் எடுபடவில்லை. புதிய வளாகம் தேவையா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். பழைய மண்டபத்தை அதற்குள் சேர்த்துக்கொள்ள அத்தனை பெரிய மைதானத்தில் இடமில்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2023 ஜூலையில் அங்கே பாரத் மண்டபம் திறக்கப்பட்டது. செப்டம்பரில் ஜி-20 தலைவர்கள் அங்குதான் கூடினார்கள்.

மகேந்திர ராஜின் வேலை காகிதத்திலாவது மிஞ்சியிருப்பதற்கு அவர் குடும்பம்தான் காரணம். பொறியாளர்களின் வரைபடங்கள் பொதுவாக வேலை முடிந்ததும் பரணுக்குப் போகும். பிறகு பழைய பேப்பர்காரரிடம். அவருடைய மகனும் மருமகளும் கட்டடக் கலைஞர்கள். அப்பாவின் வரைபடங்களைத் தேடித் தொகுத்து, 2016இல் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். எந்தக் கம்பி எங்கே வளைகிறது என்பதுவரை அதில் காணலாம். அது வெளியானபோது ஹால் ஆஃப் நேஷன்ஸ் நின்றுகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அந்த வரைபடங்கள் இல்லாத ஒரு கட்டடத்தின் வரைபடங்களாகிவிட்டன.

2022 மே 8 அன்று, 97 வயதில் மகேந்திர ராஜ் காலமானார். அந்தப் பிப்ரவரியில்தான் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், சுதந்திரத்துக்குப் பிந்தைய தெற்காசியக் கட்டடங்களைப் பற்றிய கண்காட்சி தொடங்கியிருந்தது. அவர் இளைஞராக வேலை பார்த்த அதே நகரம். ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டப்பட்டபோது மதன் மகத்தா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அங்கே இருந்தன. அவர் இறந்த அன்றும் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஜூலை வரை நடந்தது.