தானாக விலகினாளாம்!

சிலப்பதிகாரம் கற்ற அன்பர்கள் கண்ணகியின் பயணத்தை நன்கறிவர். செல்வமெல்லாம் இழந்த கோவலன், மதுரை சென்று வாணிபம் செய்து இழந்ததை மீட்பேன் என்றான்; அவளும் உடன் புறப்பட்டாள். அவ்வாணிபத்திற்கு முதலாக வாய்த்தது அவளது காற்சிலம்பே. பிறந்த நகரையும் உற்றாரையும் அவள் துறந்து சென்றதைப் பெண்மையின் சிகரமென்று மேடைதோறும் முழங்குகிறோம். “அவள் தானாகத்தானே போனாள், அவளுக்கு வந்த நஷ்டத்திற்கு யார் பொறுப்பு?” என்று கேட்ட புலவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. ஆனால் இன்றைய மலேசியச் சட்டம் அக்கேள்வியைத்தான் நம் பெண்களிடம் கேட்கிறது.

வேலையிழந்த தொழிலாளர்க்குக் கைகொடுக்கவென்று 2017ஆம் ஆண்டில் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது. 2018 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதனைச் சொக்சோ நிறுவனம் நடத்தி வருகிறது. தனியார் துறைத் தொழிலாளி தம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு செலுத்த, முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டும். 2,000 ரிங்கிட் சம்பளம் பெறும் பெண்ணுக்கு இது மாதம் ஏறக்குறைய 4 ரிங்கிட். வேலை போனால், புது வேலை தேடுங்காலத்தில் சில மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். நல்ல திட்டமே, நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் அதில் ஒரு வாசல் அடைபட்டிருக்கிறது. தாமாக விலகியோர்க்கு இவ்வுதவி இல்லை என்பதே அது.

தானாக விலகுதல் என்றால் என்ன? பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் பத்தாண்டு உழைத்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் கணவர் சர்க்கார் பள்ளி ஆசிரியர். அவரை ஜொகூர் பாருவுக்கு மாற்றி உத்தரவு வருகிறது. இடையிலுள்ள தூரம் 600 கிலோமீட்டருக்கும் மேல். நாள்தோறும் போய்வர இயலுமா? குழந்தைகளை இரு கூறாக்க இயலுமா? அவள் ராஜிநாமாக் கடிதம் எழுதுகிறாள். உடனே சட்டம், “நீயாகவே விலகினாய்” என்று கையை விரிக்கிறது. இடம் மாற்றியதும் சர்க்கார். விலகியது அவள் விருப்பம் என்று தீர்ப்பளிப்பதும் சர்க்கார். இஃதென்ன நீதி?

அவளே சர்க்கார் உத்தியோகத்தில் இருந்திருப்பாளாயின், கணவனுடன் செல்வதற்குச் சம்பளமில்லா விடுப்புக் கேட்கும் வழி உண்டு. கணவனைப் பின்தொடர்தல் அங்கே மதிக்கத்தக்க காரணம். ஆலைத் தொழிலாளிக்கோ அதுவே அவள் மனம்போன போக்கு! மேலும், 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, தம்பதியர் ஈராண்டு பிரிந்து வாழ்ந்தமை மணவாழ்வு முறிந்ததா என்று ஆராயும்போது நீதிமன்றம் கருதத்தக்க ஒரு செய்தியாகும். பிரிந்திருந்தால் ஒரு சட்டம் குடும்பம் குலைந்ததோ என்று ஐயுறுகிறது. சேர்ந்திருக்கச் சென்றால் மற்றொரு சட்டம் தண்டிக்கிறது. பெண் எந்தச் சட்டத்திற்குத்தான் நல்லவளாவது?

ராஜிநாமாக் கடிதம் இருந்தாலே அது சொந்த விருப்பம் என்று கொள்வது, அச்சட்டத்தின் கருத்திற்கே ஒவ்வாது. வேலையிடத்தில் பாலியல் தொல்லையோ மிரட்டலோ தாளாமல் விலகியோரையும், தம் வேலைக்குப் புறம்பான ஆபத்தான பணியை ஏவப்பட்டு விலகியோரையும் வேலையிழந்தவராகவே அது ஏற்கிறது. கடிதத்தில் கையெழுத்து இருப்பினும், கையை நடத்தியது நெருக்கடியே என்பதை அது உணர்ந்திருக்கிறது என்க. உணர்ந்த சட்டம் குடும்ப வாசலில் வந்து ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

“இவ்வாசலைத் திறந்தால் ஏமாற்றுவோர் பெருகுவர், நிதி கரையும்” என்பர் சிலர். மணப்பதிவுச் சான்று உண்டு. மாற்றல் உத்தரவு உண்டு. இரண்டு ஊர்களுக்கிடையே தூரத்தைக் காட்டும் நிலப்படமும் உண்டு. புதிய ஊரில் வேலை தேடுகிறாளா என்று சோதிக்கும் முறையும் சொக்சோவிடம் இப்போதே இருக்கிறது. இத்துணைச் சான்றுகளையும் பொய்யாக்க வல்லவர் எத்தனை பேர்? “வேலை கெட்டது முதலாளியின் குற்றமன்றே” என்பர் வேறு சிலர். புயலும் வெள்ளமும் கூட முதலாளியின் குற்றமன்று. ஆயினும் இயற்கைப் பேரிடரால் ஆலை மூடப்பட்டால் உதவி கிடைக்கிறதே! காப்புறுதி என்பது குற்றவாளியைத் தேடும் நீதிமன்றமன்று. இடர் வந்த நாளில் தாங்கும் கை.

பிறநாடுகள் இதை அறியாதனவல்ல. கானடாவின் வேலைக் காப்புறுதிச் சட்டம், வாழ்க்கைத் துணையுடன் வேறிடம் குடிபெயர வேண்டிய கடமையை, வேலையை விடுவதற்குரிய நியாயமான காரணங்களுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. வேறு வழியில்லை என்று காட்டினால் போதும். அமெரிக்க மத்திய அரசு 2009ஆம் ஆண்டில், வேலையின்மைக் காப்புறுதியைச் சீர்திருத்தும் மாநிலங்களுக்கு 700 கோடி டாலர் வரை ஊக்கத்தொகை ஒதுக்கியது. மாநிலங்கள் தெரிந்தெடுக்கத்தக்க சீர்திருத்தங்களுள், துணையின் வேலை மாற்றத்தால் விலகியோர்க்கு உதவுவதும் அடங்கியிருந்தது. அங்கே எல்லா மாநிலங்களும் இதனை ஏற்றுவிடவில்லை. ஏற்ற மாநிலங்களில் வானம் இடிந்து விழவும் இல்லை.

சட்டத்தை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்க வேண்டா. கணவனுக்கு மாற்றலானால் மனைவி பெட்டி கட்ட வேண்டும். மனைவிக்குப் பதவி உயர்வு வெளியூரில் வந்தால் அவள் அதை மறுக்க வேண்டும் என்று விதித்தது எந்தப் பாராளுமன்றம்? நம் வீட்டுத் திண்ணையன்றோ! சட்டத்தின் எழுத்தில் ஆண், பெண் என்ற பேதமில்லை. அடி விழுவது மட்டும் பெரும்பாலும் பெண்ணின் முதுகில். ஆதலின் நாம் கேட்கும் திருத்தம் இருபாலார்க்கும் பொதுவாகுக. மனைவியின் உத்தியோகத்திற்காக வேலையை விட்டுவரும் கணவனையும் அது காக்கட்டும். அத்தகைய கணவன்மார் பெருகினால் மிகவும் மகிழ்வோம்.

தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதனைக் கையிலெடுத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் முறையிட வேண்டும். கேட்பது தருமமன்று; மாதந்தோறும் அவள் செலுத்திய பணத்தின் பயன். துணையுடன் செல்வது கடமையென்று ஊர் சொல்லுமாயின், அக்கடமையை நியாயமான காரணமென்று சட்டம் எழுதட்டும். அது வெறும் விருப்பமென்று சட்டம் சாதிக்குமாயின், வரமாட்டேன் என்று சொல்லும் பெண்ணை ஊர் ஏசாதிருக்கட்டும். இரண்டு வாயாலும் பேசி அவளை ஏய்ப்பது இனி வேண்டா.